உத்தியோகத்தை விடும் பருவம்

நாற்றங்காலில் நிற்கும் பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியானது. அதற்குத் தண்ணீர்க் குறைவில்லை. நெருங்கி நிற்பதால் காற்றுக்கும் சாய்வதில்லை. ஆயினும் எந்த விவசாயியும் அதை அங்கேயே விட்டு வைப்பதில்லை. குறுகிய கால நெல்லானால் 18 முதல் 22 நாட்களிலும், மத்திய கால நெல்லானால் 25 முதல் 30 நாட்களிலும் பறித்து நடுகிறார். அந்தப் பருவம் தவறினால் நாற்று செத்துப் போவதில்லை, பச்சையாகவேதான் நிற்கும். ஆனால் முற்றிய நாற்றை எவ்வளவு நல்ல வயலில் நட்டாலும் அது போதிய தூர் கட்டாது. அந்த நஷ்டம் அறுவடையன்று களத்தில்தான் தெரியவரும். மறுபுறம், வயலைச் சேறடித்துச் சமன் செய்யாமல் நாற்றை மட்டும் அவசரமாகப் பறித்து வரப்பில் போட்டால், அதுவும் வாடிப் போகும்.

இவ்விதழில் நெல் சாகுபடி பற்றி எழுத நாம் முற்படவில்லை. நம் சங்கத்து அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் இன்று தறியிலும் இல்லை, கழனியிலும் இல்லை. சென்னையிலும் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கின்றனர். சென்னைத் தரமணியில் 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதற்குப் பின், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகச் சிறுசேரி வரையில் எழுந்த கட்டடங்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றனர். அவர்களுள் சிலருக்கு வேலைப்பளு தாங்கவில்லை என்பது குறை. வேறு சிலருக்கோ வேலையில் ஒன்றுமே இல்லை என்பது குறை. முன்னவர் குறையை உலகம் உடனே புரிந்துகொள்கிறது. பின்னவர் குறையைக் கேட்டு நகைக்கிறது. அந்தப் பின்னவரைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு நெசவாளர் வீட்டு வழக்கு

சென்னிமலைப் பக்கத்தைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர், சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். அவர் போர்வையும் படுக்கை விரிப்பும் நெய்பவர். மகள் ஈரோட்டில் பொறியியல் படித்து, சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்றாண்டு நான்கு மாதம் பணி முடித்திருந்தாள். அவள் படிப்புக்காக வங்கியில் வாங்கிய கடனில் தகப்பனாரும் கூட்டாகக் கையெழுத்திட்டிருக்கிறார். கடன் பாதிதான் அடைந்திருக்கிறது. இந்நிலையில் மகள் வேலையை விடப்போவதாகச் சொல்லவே, நியாயம் கேட்க இருவரும் வந்தனர்.

"ஏனம்மிணி, வெயில் இல்லை, மழை இல்லை, மாதம் பிறந்தால் சம்பளம். வேலையும் கஷ்டமில்லை என்கிறாய். அப்புறம் என்ன குறை?" என்றார் தகப்பனார்.

"வேலை கஷ்டமாக இருந்தால் நான் விடமாட்டேனுங்கப்பா. ஒன்றுமே இல்லாததுதான் கஷ்டமாக இருக்கிறதுங்க" என்றாள் மகள்.

அவள் செய்யும் வேலை இன்னதென்று விசாரித்தோம். வெளிநாட்டு வங்கி ஒன்றின் மென்பொருளில் எங்கேனும் தடை ஏற்பட்டால், அது ஒரு புகார்ச் சீட்டாக அவள் கணினிக்கு வந்து சேரும். அலுவலகப் பேச்சில் அதற்கு டிக்கெட் என்று பெயர். எந்தத் தடைக்கு என்ன செய்வது என்று ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நின்றுபோன புரோகிராமை மறுபடி ஓட்டிவிட்டு, பதில் எழுதி, சீட்டை மூட வேண்டும். தடை ஏன் ஏற்பட்டது என்று ஆராய்வது அவள் பொறுப்பன்று. அது கடல் கடந்த வேறொரு குழுவினர் பொறுப்பு. நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலை. மீதி நேரம் இருக்கையில் இருக்க வேண்டும்.

இதில் அவளை உறுத்தியது சோம்பல் மட்டுமன்று. முந்திய மாதம் வேறொரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றிருக்கிறாள். அங்கே, "இந்த மூன்றாண்டில் நீங்களே அமைத்தது ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களாம். அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் கற்றதிலும் பாதி மறந்திருந்தது. அன்றிரவு விடுதிக்குத் திரும்பியபின் உறக்கம் வரவில்லை என்று சொல்லித் தலைகுனிந்தாள்.

பெற்றோர் அச்சத்தில் நியாயம் உண்டு

தகப்பனாரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது. பாவு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை என்ற வாழ்க்கை அவருடையது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். அடைமழையில் குழித்தறியில் நீர் ஊறினாலும் தறி நிற்கும். அத்தகைய வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம் என்பது கூரைக்கு நடுவே நட்ட தூண் போன்றது. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்ற பழமொழி, பட்டறிந்தவர்கள் சொன்னதுதான்.

ஆனால் எளிய வேலை நிலையான வேலை என்று அவர் எண்ணியது மட்டும் இக்காலத்துக்குப் பொருந்தவில்லை. கணினித் துறையில் நிலைமை இதற்கு மாறானது. எழுதி வைத்த முறைப்படி திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எதுவோ, அதையே இயந்திரத்திடம் முதலில் ஒப்படைக்கின்றனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததற்குப் பின், கேள்விக்குப் பதில் எழுதுவதும் சிறு புரோகிராம்கள் எழுதுவதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் இயலும் காரியங்களாகிவிட்டன. இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலையை இன்று ஒருவர் செய்கிறார்; அதை நாளை ஓர் இயந்திரம் செய்யுமானால், அன்று அவர் கையில் வேறு தொழில் என்ன இருக்கும் என்பதே கேள்வி. நாற்றங்கால் பசுமையை நம்பிப் பருவத்தைத் தவறவிடுதல் என்று நாம் முதலில் குறிப்பிட்டது இதனையே.

எளிமை மூன்று வகை

எனினும், வேலை சலிக்கிறது என்று சொல்லும் ஒவ்வொருவரும் உடனே விலகிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. எளிமையில் மூன்று வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு வாய்க்கும் ஓய்வு. பயிற்சி முடிந்து இன்னும் எந்தக் குழுவிலும் சேர்க்கப்படாமல் காத்திருப்பதை அவர்கள் பெஞ்ச் என்பர். இது சில மாதங்களில் மாறக்கூடியது. இதற்காக வேலையை விடுவது, விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பதை ஒக்கும்.

இரண்டாவது, மேலே எளிதாகத் தோன்றி அடியில் ஆழம் உள்ள வேலை. 1959இல் வகுக்கப்பட்ட கோபோல் என்னும் கணினி மொழியில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் பல வங்கிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது பழமையான வேலை என்று இளைஞர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் ஒரு வங்கியின் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வேறில்லை. இங்கே குறை வேலையில் இல்லாமல் பார்க்கும் கண்ணில் இருத்தலும் கூடும்.

மூன்றாவது, எவ்வளவு தோண்டினாலும் நீர் ஊறாத கிணறு. ஆராய முயன்றால் அனுமதி இல்லை. வேறு வேலை கேட்டால் விடை இல்லை. மேலே உள்ளவரும் இதே வேலையைத்தான் இன்னும் சற்று அதிகச் சம்பளத்துக்குச் செய்கிறார். விட வேண்டியது இந்த மூன்றாவது வகையையே.

தொழில் மனத்துக்குப் பிடிப்பதற்கு எவை வேண்டும் என்பதை அமெரிக்க அறிஞர்களான ஹாக்மன், ஓல்டாம் என்ற இருவர் 1976இல் ஆராய்ந்து ஐந்தாக வகுத்தனர். பல திறமைகளுக்கு இடம் இருத்தல், ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்தல், அது பிறருக்குப் பயன்படுதல், தம் பொறுப்பில் முடிவு செய்யும் உரிமை, செய்தது நன்றா தீதா என்பது செய்தவருக்கே தெரிதல் ஆகியவை அந்த ஐந்து. இவற்றை வாசித்துக் காட்டியபோது தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "இது அத்தனையும் என் தறியில் இருக்கிறதுங்களே; கூலிதான் பற்றவில்லை" என்றார். மகள் தன் வேலையில் கூலி மட்டுமே இருக்கிறது என்றாள். ஒரே வீட்டில் ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை என்பதை இருவரும் அன்றுதான் கண்டுகொண்டனர்.

சோதித்துப் பார்க்கும் முறை

தம் வேலை எவ்வகை என்று அறிய விரும்பும் இளைஞர், கோபமும் சலிப்பும் இல்லாத ஒரு நாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கலாம்.

ஒன்று: சென்ற ஆறு மாதத்தில் முன்பு தெரியாத எதைக் கற்றோம்? ஒரு வரியேனும் எழுத முடிகிறதா?

இரண்டு: இதே வரிசையில் நமக்கு ஐந்தாண்டு முன்னே அமர்ந்திருப்பவரின் வேலை நமக்கு வேண்டுமா?

மூன்று: வேறு வேலை வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டோமா? சலிப்பை நண்பரிடம் சொல்வது கேட்டதாகாது. இன்ன குழுவில், இன்ன வேலை செய்யத் தகுதியுண்டு என்று மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, மூன்று மாதக் கெடு மனத்துக்குள் வைத்துக் காத்திருந்தோமா? பெரிய நிறுவனத்தில் அடுத்த மாடியிலேயே நல்ல வேலை இருக்கக்கூடும்.

நான்கு: வெளியே நம் மதிப்பு என்ன? மஞ்சளை ஏலத்துக்குக் கொண்டு செல்லும் விவசாயி, விலை கட்டாவிட்டால் விற்காமல் திரும்பலாம். ஆனால் ஏலத்துக்கே போகாதவருக்கு விலை தெரிய வழியில்லை. நேர்காணலுக்குச் செல்வதும் அத்தகையதே. சென்றுவிட்டதாலேயே வேலையை மாற்றியாக வேண்டும் என்பதில்லை.

முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் விடை வறிதாயிருந்தால், குறை வேலையிலா நம்மிலா என்பது விளங்கிவிடும். கேட்காமலேயே கிடைக்கவில்லை என்பவர் இன்னும் விடும் பருவத்தை அடையவில்லை. கேட்டும், காத்தும், கிடைக்காதவர் அடைந்துவிட்டார்.

விடுமுன் செய்ய வேண்டிய கணக்கு

பருவம் வந்துவிட்டது என்பதனால் வயல் தயாராகிவிட்டது என்று பொருளில்லை. இனி, கையிருப்பைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் தவணை மாதம் 9,000 ரூபாய். விடுதியும் உணவும் 11,000. வீட்டுக்கு அனுப்புவது 10,000. ஆக மாதம் 30,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 1,80,000 ரூபாய் தனியாகச் சேர்ந்த பின்னரே விலகல் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றோம். சம்பளம் ஒரு மாதம் நின்றால் வங்கியின் கடிதம் தகப்பனார் பெயருக்கும் வரும் என்பதை மறக்கலாகாது.

அடுத்தது வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம். முன்னறிவிப்புக் காலம் பல நிறுவனங்களில் 90 நாள். அதைக் கழிக்காமல் சென்றால் பணி அனுபவச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் கிடைப்பது தொல்லையாகும். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது நலம்.

மூன்றாவது, பலர் கவனிக்கத் தவறுவது. நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்க்கப்பட்டிருந்தால், வேலையை விட்டதும் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். புதிதாக எடுக்கும் காப்பீட்டில் ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆதலால் வேலையில் இருக்கும்போதே பெற்றோருக்குத் தனிக் காப்பீடு எடுத்தல் வேண்டும்.

நான்காவது பணிக்கொடை. நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால், ஆண்டுக்கு 15 நாள் ஊதிய வீதம் பெறலாம் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் முறை. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கிடுவர். கணக்குக்குரிய மாத ஊதியம் 26,000 ரூபாயானால், ஆண்டுக்கு 15,000. ஐந்தாண்டுக்கு 75,000 ரூபாய். இதனைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயின், இது ஒன்றுக்காகவே ஆண்டுகளைக் கழிப்பது வேறு விஷயம்.

பிணைத்த பின் அறுப்பது

இவ்வளவையும் கேட்டிருந்த தகப்பனார், தம் பழைய கதையொன்றைச் சொன்னார். இளமையில் அவருக்குச் சாதாரண விரிப்பு மட்டுமே நெய்யத் தெரியும். பூ வேலைக்குக் கூலி அதிகம். ஆனால் ஜக்கார்டு ஓட்டத் தெரியாது. தறியை விட்டுவிட்டுக் கற்கப் போனால் அடுப்பு எரியாது. ஆகவே பகலில் தம் தறியில் விரிப்பு நெய்து, மாலையில் பக்கத்துத் தெருக்காரரின் ஜக்கார்டு தறியில் உதவிக்கு நின்றார். அட்டை கோப்பதும் கொக்கி பார்ப்பதும் பழகிய பிறகே, இரண்டு மாதக் கூலியை இழந்து தம் தறியை மாற்றினார்.

"பாவு தீர்ந்தால் என்ன செய்கிறோம்? பழைய பாவின் நுனியை அச்சிலேயே நிறுத்தி, புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகுதானே முன்னே இழுக்கிறோம்? பிணைக்காமல் அறுத்துவிட்டால் அத்தனை இழையையும் மறுபடி விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும்" என்றார் அவர்.

நாம் சொல்லவந்த முடிவை அவரே சொல்லிவிட்டார். அவர் குறிப்பிட்ட ஜக்கார்டு அட்டைக்கும் மகளின் கணினிக்கும் உறவும் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த துளை அட்டை முறையையே, ஆங்கிலேயரான பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித்தின் இயந்திரங்கள் துளை அட்டைகளைக் கொண்டே கணக்கிட்டன. தகப்பனார் மாலையில் கற்றதும், மகள் மாலையில் கற்க வேண்டியதும் ஒரே குலத்தைச் சேர்ந்தவையே.

அன்றிலிருந்து அவள் அந்த முறைப்படி நடந்தாள். கார்த்திகையில் மேலதிகாரிக்கு எழுதினாள். தை முடியும் வரை பார்த்தாள், விடை வரவில்லை. இருக்கையில் வீணாகிய நேரத்தில் பாடங்களைப் படித்தாள். இரவில் தன் சொந்தக் கணினியில், நெசவுக் கணக்கு எழுதும் சிறு மென்பொருள் ஒன்றைத் தானே அமைத்தாள். பாவு நூல் இவ்வளவு, ஊடை நூல் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தகப்பனார் சொல்லச் சொல்லச் செய்தது அது. பிழைகள் பல இருந்தன. ஆனால் நேர்காணலில் எடுத்துக் காட்ட ஒன்று இருந்தது.

சித்திரையில், கோயமுத்தூரில் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்று அவளை அழைத்தது. சம்பளம் மாதம் 4,000 ரூபாய் குறைவு. அதோடு, உடனே சேர வேண்டும். முன்னறிவிப்பு நாட்கள் முடிந்து விலகும்போது நான்காண்டு ஒரு மாதமே ஆகியிருக்கும். பணிக்கொடைக்கு இன்னும் பதினோரு மாதம் வேண்டும். இருந்தால் 75,000 ரூபாய்; போனால் அது இல்லை. அந்தத் தொகை அந்த வீட்டுக்குச் சிறிதன்று. இரண்டு நாள் யோசித்த பின், "நான் இரண்டு மாதக் கூலியை விட்டேன், நீ இதை விடு, அம்மிணி" என்று சொன்னவர், முதலில் வழக்குக் கொண்டுவந்த அதே தகப்பனார்தான். கையிருப்பில் 1,80,000 ரூபாய் இருந்தது. தாய்க்குத் தனிக் காப்பீடு எடுத்தாகிவிட்டது. ஆகவே துணிந்து சொன்னார்.

புதிய இடத்தில் ஆடி மாதம் சேர வேண்டியிருந்தது. ஆடியில் யாராவது புது வேலையில் சேர்வார்களா என்று உறவினர் கேட்டனர். ஆடியில்தானே விதைக்கிறோம் என்று விடை சொன்னாராம்.

சில வாரங்களுக்கு முன் அவரைக் கண்டபோது நலம் விசாரித்தோம். மகளுக்கு இப்போது இரவு எட்டு மணிக்கு முன் வேலை முடிவதில்லையாம். சென்ற வாரம் அவள் எழுதிய கணக்கு ஓர் ஆலையில் தவறாகிவிட்டதாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்றாம். அதைத் தொலைபேசியில் சொல்லும்போது குரலில் அத்தனை மகிழ்ச்சி என்று அவர் வியந்தார். மாதம் 4,000 ரூபாய் குறைந்ததில் வீட்டுக்கு வருவதும் குறைந்திருக்கிறது. அதையும் அவர் மறைக்கவில்லை.

பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இது: பிள்ளை வேலை எளிது என்று வருந்தினால் நகையாமல், அந்த வேலை என்னவென்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வது இது: சலிப்பு வந்த நாள் விலகும் நாளாகிவிடாது; அது புதுப் பாவைத் தேடத் தொடங்கும் நாள். பிணைத்து முடிந்ததும் தயங்காமல் முன்னே இழுங்கள்.